நீண்ட தவணை புட் விற்பனை: வரவும் பொறுப்பும்

தீபாவளி முடிந்த சில வாரங்களில் சிவகாசிக்குப் பணம் திரும்பத் தொடங்கும். வெளிமாநில வியாபாரிகளிடம் நின்ற பாக்கி வசூலாகும். போனஸ், கூலி, வங்கியின் சி.சி. கடன் கணக்கு எல்லாம் போக மீதி இருக்கும் தொகை, அடுத்த உற்பத்திக்கு மூலப்பொருள் வாங்கும்வரை கொஞ்ச காலம் ஓய்வாக இருக்கும். விருதுநகரில் வத்தல், பருப்பு, எண்ணெய் வியாபாரத்திலும் இப்படி வரத்துக் காலம், ஓய்வுக் காலம் என்று உண்டு. அந்த ஓய்வுப் பணத்துக்கென்றே ஒரு யோசனை சொல்வார்கள்: "ஒரு வருடத் தவணையில் நிஃப்டி புட் விற்றுவிடுங்கள். பிரீமியம் இன்றைக்கே கைக்கு வந்துவிடும். மார்க்கெட் ஏறினாலும் லாபம், அசையாமல் நின்றாலும் லாபம், கொஞ்சம் இறங்கினால்கூட லாபம்."

சொன்ன மூன்றும் உண்மை. சொல்லாமல் விட்டது நான்காவது: அதிகமாக இறங்கினால் என்ன ஆகும்? இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்த நான்காவதைப் பற்றியது.

என்ன விற்கிறோம்

புட் ஆப்ஷன் வாங்குகிறவர், குறித்த நாளில் குறித்த விலைக்கு விற்கும் உரிமையை வாங்குகிறார். அந்த உரிமையை விற்கிறவர், விலை எவ்வளவு விழுந்தாலும் அந்தக் குறித்த விலையைத் தர ஒப்புக்கொள்கிறார். அதற்குக் கிடைக்கும் கூலிதான் பிரீமியம். பட்டாசு ஆலைக்குத் தீக் காப்பீடு எடுத்த எவருக்கும் இது புரியும். ஆலைக்காரர் பிரீமியம் கட்டுகிறார். கம்பெனி வாங்கிக்கொண்டு பொறுப்பேற்கிறது. புட் விற்கும்போது நீங்கள் உட்காருவது காப்பீட்டுக் கம்பெனியின் நாற்காலியில். ஆனால் காப்பீட்டுக் கம்பெனிக்கு நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஆலைகள், கடைகள், லாரிகள். எல்லாம் ஒரே நாளில் எரிவதில்லை. நீங்கள் பத்து புட் விற்றிருந்தால் பத்தும் ஒரே நாளில் எரியும், ஏனென்றால் பத்துக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தை.

இந்தியாவில் இந்த வியாபாரத்துக்கு வயது அதிகமில்லை. தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டி குறியீட்டு ஆப்ஷன் 2001 ஜூனிலும், தனிப் பங்குகளின் ஆப்ஷன் அடுத்த மாதமும் வந்தன. நிஃப்டியில் வருடக் கணக்கில் நீளும் நீண்ட தவணை ஆப்ஷன் 2008 மார்ச்சில் அறிமுகமானது. இன்று அடுத்த மூன்று மாதங்களுக்கான ஒப்பந்தங்களோடு காலாண்டு ஒப்பந்தங்களும், ஜூன், டிசம்பர் என்று ஐந்து வருடம்வரை நீளும் அரையாண்டு ஒப்பந்தங்களும் பட்டியலில் இருக்கின்றன.

தனிப் பங்குகளில் அந்த வசதி இல்லை. ரிலையன்ஸ் ஆனாலும் ஸ்டேட் வங்கி ஆனாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஆப்ஷன் கிடையாது. மூன்றாவது மாதத்திலும் பெரும்பாலான பங்குகளுக்கு ஆள் நடமாட்டமே இருக்காது. அமெரிக்காவில் 1990 முதல் லீப்ஸ் என்ற பெயரில் இரண்டு, மூன்று வருடத் தவணையில் தனிப் பங்கு ஆப்ஷன்கள் நடக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் தம்பியோ மருமகனோ அதைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கே குடியிருக்கும் நாம் அதை விற்க முடியாது. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பிப் பங்கு வாங்கலாம். வெளிநாட்டுச் சந்தைக்கு மார்ஜின் (ஈட்டுத் தொகை) கட்டுவதற்காகப் பணம் அனுப்ப அந்தத் திட்டத்தில் அனுமதி இல்லை. மார்ஜின் இல்லாமல் ஆப்ஷன் விற்பனை கிடையாது. ஆகவே நமக்கு நீண்ட தவணை என்றால் நிஃப்டி. தனிப் பங்கு என்றால் குறுகிய தவணை.

வரவுக் கணக்கு

கணக்குக்காக நிஃப்டி 25,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத் தவணையில் 25,000 ஸ்டிரைக் (குறித்த விலை) புட்டின் பிரீமியம், சந்தை அமைதியாக இருக்கும் காலத்தில் ஏறத்தாழ 900 புள்ளி வரலாம். லாட் அளவு, அதாவது ஒரு ஒப்பந்தத்தில் அடங்கும் எண்ணிக்கை, அவ்வப்போது மாறும். இங்கே 65 என்று கொள்வோம். ஒரு லாட் விற்றால் கைக்கு வருவது 58,500 ரூபாய். நீங்கள் ஏற்கும் பொறுப்பு 16,25,000 ரூபாய்.

தரகர் 16 லட்சத்தையும் கேட்கமாட்டார். ஒப்பந்த மதிப்பில் ஒரு பங்கை, சாதாரண நாட்களில் தோராயமாக இரண்டேகால் லட்சத்தை மார்ஜினாகக் கேட்பார். இரண்டேகால் லட்சத்துக்கு 58,500 என்றால் 26 சதவீதம்! இந்த வியாபாரத்தில் இழுத்துவிடுகிறவர்கள் காட்டும் எண் இதுதான். இது தப்பான எண். வகுக்க வேண்டியது மார்ஜினால் அல்ல, பொறுப்பால். 16,25,000-க்கு 58,500 என்றால் 3.6 சதவீதம்தான்.

இதோடு இன்னொரு வரவையும் சேர்க்க வேண்டும். பொறுப்புக்கான முழுத் தொகையையும் லிக்விட் ஃபண்டிலோ அரசுப் பத்திரத்திலோ வைத்து, அதையே அடமானமாகக் காட்டி மார்ஜின் பெறலாம். அது ஆறரை சதவீதம் ஈட்டினால் 1,05,000 ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து சுமார் 1,64,000, அதாவது பத்து சதவீதம். எல்லாம் நல்லபடியாக நடந்தால் கிடைக்கும் உச்ச வருமானம் இதுதான். நிஃப்டி 40 சதவீதம் ஏறினாலும் ஒரு ரூபாய் கூடாது.

பிரீமியம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கலாம். ஒரு வருடம் கழித்துத் தர வேண்டிய 25,000 ரூபாயின் இன்றைய மதிப்பு 25,000 இல்லை. வட்டி உயரமாக இருக்கும் நாட்டில் அது இன்னும் குறையும். அதனால் தவணை நீள நீள, வட்டி புட்டின் விலையைத் தின்றுகொண்டே வரும். பன்னிரண்டு மாதம் மாதாமாதம் விற்றால் சேரும் மொத்தப் பிரீமியம், ஒரே வருட ஒப்பந்தத்தின் பிரீமியத்தைவிடப் பொதுவாக அதிகமாக இருக்கும். அதற்கு விலையாக ஒவ்வொரு மாதமும் புதிய விலையில் புதிய பொறுப்பு. பன்னிரண்டு முறை தரகுக் கட்டணமும் வரியும். எது மேல் என்று ஒரே பதில் இல்லை. ஆனால் "நீண்ட தவணையில் பிரீமியம் கொழுத்திருக்கும்" என்று சொல்கிறவர் மொத்த ரூபாயைப் பார்க்கிறார், மாதத்துக்கு எவ்வளவு என்று பார்க்கவில்லை.

கரைவதும் மெதுவாகத்தான். முதல் ஆறு மாதத்தில் பாதிப் பிரீமியம் கரைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடைசி இரண்டு, மூன்று மாதத்தில்தான் வேகம் பிடிக்கும். அதுவரை உங்கள் கணக்கில் அது ஒரு கடனாகவே நிற்கும்.

நடுவழியில் நடப்பது

கெடு நாளன்று நிஃப்டி எங்கே இருக்கும் என்பது ஒரு கேள்வி. அதுவரை உங்களால் தாக்குப்பிடிக்க முடியுமா என்பது இன்னொரு கேள்வி. நீண்ட தவணை விற்றவர்களில் நொடித்துப்போனவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான் விழுந்திருக்கிறார்கள்.

மேலே சொன்ன ஒரு வருடப் புட்டின் விலை, சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. அந்த எதிர்பார்ப்பு ஒரு சதவீதப் புள்ளி கூடினால் புட்டின் விலை ஏறத்தாழ 90 புள்ளி கூடும். பத்துப் புள்ளி கூடினால் 900. நிஃப்டி அதே 25,000-ல் நின்றாலும், பயம் மட்டும் கூடி நீங்கள் 900-க்கு விற்றது 1,800-க்குப் போகலாம். ஒரு வாரத் தவணை விற்றவருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. தவணை நீண்டால் இது பெருகும்.

இனி விலையும் விழுகிறது என்று வையுங்கள். விற்ற ஒரு மாதத்தில் நிஃப்டி 20 சதவீதம் இறங்கி 20,000 ஆகிறது, பயமும் கூடுகிறது. அந்தப் புட் 4,500 புள்ளி அளவுக்கு ஏறியிருக்கும். ஒரு லாட்டுக்கு 3,600 புள்ளி நட்டம், ரூபாயில் 2,34,000. கெடு வர இன்னும் பதினொரு மாதம் இருந்தாலும் இந்த நட்டம் இன்றே உங்கள் மார்ஜினில் சேரும். சந்தை கொந்தளிப்பதால் அடிப்படை மார்ஜினும் உயரும்.

16 லட்சத்துக்குச் சற்று மேல் வைத்திருக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரே லாட் விற்றார். அவருக்கு 2,34,000 காகித நட்டம். மீதம் ஏறத்தாழ 14 லட்சம் இருக்கிறது. அடுத்த பதினொரு மாதம் காத்திருக்கலாம். இன்னொருவர் 26 சதவீதக் கணக்கை நம்பி ஏழு லாட் விற்றார். அவர் நட்டம் 16,38,000. முதல் முழுவதும் ஒரே மாதத்தில் போய்விட்டது. தரகர் ஒப்பந்தத்தை மூடிவிடுவார். அதன்பின் நிஃப்டி 30,000 போனாலும் அவருக்கு அதில் பங்கில்லை. இருவரும் விற்றது ஒரே புட், ஒரே விலை, ஒரே நாள்.

இது தாளில் போட்ட கணக்கு மட்டுமல்ல. 2020 ஜனவரியில் நிஃப்டி 12,000-ஐத் தாண்டி 12,430 வரை போனது. அப்போது டிசம்பர் 2020 தவணையில் 12,000 புட் விற்ற ஒருவரை நினைத்துப் பாருங்கள். மார்ச் 13 அன்றும் 23 அன்றும் பத்து சதவீத வீழ்ச்சியில் வர்த்தகமே 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. 23-ஆம் தேதி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610-ல் முடிந்தது. இந்தியா விக்ஸ் என்னும் பய அளவுகோல் அந்த வாரம் 80-ஐத் தாண்டியது. அமைதியான காலத்தில் அது 12, 15 என்று இருக்கும். அந்தப் புட் வெறும் விலை வித்தியாசத்தாலேயே விற்றவருக்கு எதிராக 4,400 புள்ளி அளவுக்குப் போயிருந்தது. பணம் புரட்ட முடியாதவர் அன்று அங்கேயே மூடி வெளியேறியிருப்பார். முழுப் பொறுப்புக்கும் பணம் வைத்திருந்தவர் காத்திருந்திருப்பார். டிசம்பர் 31 அன்று நிஃப்டி 13,981. 12,000 புட் ஒன்றுமில்லாமல் காலாவதி ஆனது. பிரீமியம் முழுவதும் அவருக்கு.

காத்திருந்தால் எப்போதும் சரியாகிவிடும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. நீண்ட தவணை ஆப்ஷன் அறிமுகமான 2008 மார்ச்சின் தொடக்கத்தில் நிஃப்டி 5,000-ஐ ஒட்டி இருந்தது. அதே டிசம்பர் முடிவில் 2,959. அன்றைக்கு 5,000 புட்டை டிசம்பர் தவணையில் விற்றவர் கடைசிவரை காத்திருந்தாலும் 2,000 புள்ளிக்கு மேல் கொடுத்துத்தான் எழுந்திருக்க வேண்டும். அந்த ஜனவரியில் தொட்ட 6,357 என்ற உச்சத்தைத் தாண்ட 2013 டிசம்பர் ஆனது. முழுப் பணம் கையில் இருப்பது உங்களை நடுவழியில் விழாமல் காக்கும். நட்டமே வராமல் காக்காது.

வாரன் பஃபெட்டும் விக்டர் நீடர்ஹாஃபரும்

நீண்ட தவணை புட் விற்பனையில் உலகம் அறிந்த உதாரணம் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே. 2004-லிருந்து 2008 தொடக்கம்வரை, அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றின் நான்கு குறியீடுகள்மேல் 15, 20 வருடத் தவணையில் பஃபெட் புட் விற்றார். வாங்கிய பிரீமியம் 490 கோடி டாலர். பொறுப்பு ஏறத்தாழ 3,700 கோடி டாலர். 2008 முடிவில் அந்தப் பொறுப்பின் மதிப்பு 1,000 கோடி டாலர் என்று கணக்கில் ஏறியது. காகித நட்டம் 510 கோடி. அவர் அசையவில்லை. 2010-ல் சில ஒப்பந்தங்களை முன்கூட்டி முடித்ததில் லாபமே பார்த்தார்.

"பஃபெட்டே விற்கிறார்" என்று சொல்லி நம்மிடம் இதை விற்பவர்கள், அவர் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைச் சொல்வதில்லை. கெடு நாளில் மட்டுமே அவற்றை நிறைவேற்றக் கேட்க முடியும். நடுவில் விலை எவ்வளவு விழுந்தாலும் மிகச் சிறிய அளவைத் தவிர அடமானம் கேட்க முடியாதபடி எழுதிவைத்தார். வாங்கிய 490 கோடியை வேறு தொழில்களில் போட்டு வருடக் கணக்கில் பெருக்கினார். முதல் நிபந்தனை நமக்கும் உண்டு. 2011 முதல் இந்தியாவில் பங்கு ஆப்ஷன்களும் கெடு நாளில் மட்டுமே நிறைவேறும். இரண்டாவது நமக்கு ஒருநாளும் கிடைக்காது. நம் ஒப்பந்தத்தில் மார்ஜின் தினமும் கணக்கிடப்படும். பஃபெட் பெற்ற சலுகையில் முக்கால் மதிப்பு அந்த இரண்டாவது நிபந்தனையில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

நம் நிலைமைக்கு நெருக்கமானவர் நீடர்ஹாஃபர். அமெரிக்காவின் பெயர்பெற்ற நிதி மேலாளர். 1997 அக்டோபர் 27 அன்று டவ் ஜோன்ஸ் 554 புள்ளி, அதாவது 7 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. எஸ் அண்ட் பி 500 குறியீட்டின்மேல் அவர் ஏராளமான புட் விற்றிருந்தார். கேட்ட மார்ஜினைக் கட்ட முடியாமல் அவர் நிதியம் முழுவதும் அழிந்தது. மறுநாளே சந்தை 337 புள்ளி ஏறியது.

தனிப் பங்கில் புட் விற்றால்

குறியீடு பாதியாகலாம், பூஜ்யமாகாது. தனிப் பங்கு ஆகலாம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் பங்கு 179 ரூபாயிலிருந்து 40 ரூபாய்க்கு ஒரே நாளில் வந்தது. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்ட யெஸ் வங்கி, 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்ததும் மறுநாள் வர்த்தகத்தின் நடுவில் 6 ரூபாய்க்கும் கீழே போனது. 2023 ஜனவரி 24 அன்று 3,440 ரூபாயை ஒட்டியிருந்த அதானி என்டர்பிரைசஸ் பிப்ரவரி 3-ல் 1,017 வரை இறங்கியது. மூன்றும் அந்தந்த நேரத்தில் ஆப்ஷன் வர்த்தகம் நடந்த பங்குகள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷன்களுக்கும் பங்காகவே டெலிவரி. கெடு நாளில் பங்கின் விலை ஸ்டிரைக்குக் கீழே இருந்தால் முழு ஸ்டிரைக் விலை கொடுத்து ஒரு லாட் பங்கையும் எடுத்தாக வேண்டும். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபி 2024 அக்டோபரில் கொண்டுவந்த விதிகளின்படி குறியீட்டு ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பே 15 லட்சமாக உயர்ந்தது. பங்கு லாட்டுகளும் பல லட்சம் ரூபாய். அந்தப் பங்கை அந்த விலைக்கு வாங்கி ஐந்து வருடம் வைத்திருக்க மனம் இருக்கிறதா, பணம் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் புட் விற்பது, நீங்கள் எப்படியும் வாங்க நினைத்த பங்குக்கு விலை குறித்துக் காத்திருந்து அதற்குக் கூலியும் வாங்குவதாகும். இந்த வியாபாரத்தின் நேர்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் விற்காதீர்கள்.

நமக்குத் தெரிந்த நம் பக்கத்துக் கம்பெனிகளில் இதைச் செய்யலாமே என்றால், வழி குறைவு. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, 2022 செப்டம்பரில் 510 ரூபாய் விலையில் பங்கு வெளியிட்டுப் பட்டியலுக்கு வந்தது. அந்தப் பங்கில் ஆப்ஷன் இல்லை. ஆப்ஷன் பட்டியலில் எந்தப் பங்கு இருக்கும் என்பதைச் செபியின் அளவுகோல்கள் தீர்மானிக்கின்றன. அந்தப் பட்டியலும் மாறும்.

நம் ஊர்ப் பணத்தின் குணம்

சென்னையில் மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கும் சிவகாசியில் ஆலை வைத்திருப்பவருக்கும் இந்த வியாபாரம் ஒன்றல்ல. புத்தகங்களில் இது இருக்காது என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

சீசன் பணம் வருடம் முழுக்க ஓய்வாக இருக்காது. டிசம்பரில் கையில் இருக்கும் தொகை சில மாதங்களில் மூலப்பொருளாக மாறும், கூலியாக மாறும், ஆடிக்குள் கிப்ட் பாக்ஸாகக் கிட்டங்கியில் நிற்கும். காலண்டர் அச்சகக்காரருக்கும் அப்படித்தான்: ஆடிப்பெருக்கன்று ஆல்பம் வெளியானதிலிருந்து மார்கழிவரை பணம் காகிதத்திலும் மையிலும் கட்டுண்டிருக்கும். ஒரு வருடப் புட்டின் பொறுப்போ எல்லா மாதமும் நிற்கும். மூன்று மாத ஓய்வுப் பணத்தை நம்பிப் பன்னிரண்டு மாதப் பொறுப்பை ஏற்கக் கூடாது. டிசம்பரில் இருந்த பணம் ஆகஸ்டில் மார்ஜினுக்கு இருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து, சந்தை விழும் நாளும் தொழில் முடங்கும் நாளும் ஒன்றாக வருவது. 2020 மார்ச் 23, 24 தேதிகளில் புட் விற்றவர்களிடம் மார்ஜின் கேட்கப்பட்டது. 25-ஆம் தேதி ஊரடங்கு. ஆலைகள் மூடின, லாரிகள் நின்றன, வெளியூர்ப் பாக்கி வசூலாகவில்லை. அந்த வருடத் தீபாவளிக்குச் சற்று முன் ராஜஸ்தான் பட்டாசு விற்பனைக்குத் தடை போட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி வட்டாரத்தில் நவம்பர் முடியத் தடை விதித்தது. பணம் எங்கிருந்து வரும்?

சந்தை விழாத வருடத்திலும் நம் தொழிலுக்கு அடி விழலாம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும் என்றும், இரவு எட்டு முதல் பத்துவரை மட்டும் என்றும் தீர்ப்புச் சொன்னது. பேரியம் உப்புகளுக்குத் தடை வந்தது. அந்தத் தீபாவளிக்குப் பின் சிவகாசி ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக்கிடந்ததை நம் பகுதியில் எல்லோரும் அறிவார்கள். அப்படி ஒரு வருடத்தில், புட்டுக்கென்று ஒதுக்கிய தொகையில்தான் வீட்டிலிருக்கும் எவரும் முதலில் கைவைப்பார்கள். கைவைத்த மறுநாளே ஒப்பந்தத்துக்குப் பின்னால் பணமில்லை.

சி.சி. கணக்கிலிருந்து எடுத்து மார்ஜின் கட்டுவதைப் பற்றி ஒரே வரி: உச்ச வருமானமே பத்து சதவீதமாக இருக்கும் ஒன்றுக்கு, ஏறத்தாழ அதே வட்டியில் கடன் வாங்கிப் பொறுப்பேற்பதில் எந்த நியாயமும் இல்லை.

செய்வதென்று முடிவெடுத்தால்

பொறுப்புக்கான முழுத் தொகையும் தொழிலுக்குத் தேவைப்படாத பணமாக, தனிக் கணக்கில் இருக்கட்டும். அடமானம் வைக்கும்போது பாதியாவது ரொக்கமாகவோ ரொக்கத்துக்கு இணையானதாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. லிக்விட் ஃபண்டும் அரசுப் பத்திரமும் அந்தக் கணக்கில் சேரும். பங்குகளை அடமானம் வைத்து நிஃப்டி புட் விற்காதீர்கள். சந்தை விழும்போது பொறுப்பு ஏறும், அதே நேரத்தில் அடமானத்தின் மதிப்பு இறங்கும்.

விற்ற கையோடு அதே தவணையில் கீழ் ஸ்டிரைக் புட் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. நம் உதாரணத்தில் 25,000 புட்டை 900-க்கு விற்று, 20,000 புட்டை 150 கொடுத்து வாங்கினால் நிகர வரவு 750 புள்ளி, ஒரு லாட்டுக்கு 48,750 ரூபாய். கெடு நாளில் நிஃப்டி எங்கே விழுந்து கிடந்தாலும் நட்டம் 4,250 புள்ளியைத் தாண்டாது, ரூபாயில் 2,76,250. வரவில் 9,750 ரூபாயை விட்டுக்கொடுத்து, 16 லட்சம்வரை நீளும் பொறுப்பை மூன்று லட்சத்துக்குள் அடக்குகிறீர்கள். பயம் கூடுவதால் வரும் காகித நட்டமும் இதில் ஓரளவு குறையும். தனியாக விற்பதைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.

ஆர்டர் போடும்போது அவசரம் வேண்டாம். நீண்ட தவணையில் டிசம்பர், ஜூன் ஒப்பந்தங்களில், முழு ஆயிரமாக இருக்கும் ஸ்டிரைக்குகளில் மட்டுமே ஓரளவு வாங்குவோர் விற்போர் இருப்பார்கள். அங்கேயும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலம். மார்க்கெட் ஆர்டர் போட்டால் அந்த இடைவெளி உங்கள் பையிலிருந்து போகும். விலை குறித்து லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருங்கள். நெருக்கடி நாளில் இந்த இடைவெளி இன்னும் விரியும். வெளியேறும் வழி குறுகும் என்பதை விற்கும்போதே கணக்கில் எடுங்கள். பிரீமியத்தில் எண்பது சதவீதம் கரைந்துவிட்டால் மிச்ச இருபதுக்காகக் காத்திராமல் திருப்பி வாங்கி முடித்துவிடலாம்.

வருமான வரியில் இது ஊக வணிகமாகச் சேராது. தொழில் வருமானமாகவே சேரும். நட்டம் வந்தால் அதே வருடத் தொழில் லாபத்தில் கழிக்கலாம், மீதியை எட்டு வருடம் கொண்டுபோகலாம். உங்கள் ஆடிட்டரிடம் வருட முடிவில் சொல்லாமல் தொடங்கும்போதே சொல்லுங்கள்.

லாகின், பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். "மாதம் மூன்று சதவீதம் உறுதி, ஆப்ஷன் விற்றுத் தருகிறோம்" என்று கேட்கிறவருக்குச் சட்டப்படி அப்படி உறுதி சொல்லவே உரிமை இல்லை. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த நிதியாண்டிலும் 91 சதவீதம் பேர் நட்டம்தான் கண்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஊர்களில் ஒருவர் கையில் அவருடைய பணம் மட்டும் இருப்பதில்லை. உறவின்முறைப் பணம், மகமைப் பணம், பள்ளிக்கூட அறக்கட்டளைப் பணம், சகோதரியின் பங்குப் பணம் என்று நம்பிக்கையின் பேரில் பலதும் இருக்கும். அவற்றில் ஒரு ரூபாயைக்கூடப் புட் விற்பனைக்கு மார்ஜினாகவோ அடமானமாகவோ வைக்காதீர்கள். பாதுகாப்புக்குக் கீழ் புட் வாங்கி வைத்திருந்தாலும் வைக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு வங்கி டெபாசிட்டும் அரசுப் பத்திரமும் போதும்.